நாயனத்தைக் கித்தாரில் இறக்கியவள்

அந்தப் பெண்ணிடம் நான் முதன்முதலில் பேசிய வார்த்தை, "வழிய விட்டுட்டுப் போளா" என்பது. தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு நான் நாயனம் வாசித்துக்கொண்டு போகிறேன். எதிரே ஸ்கூட்டரில் வந்தவள் ஓரமாக நின்று கேட்டுவிட்டுப் போயிருக்கலாம். இவள் வண்டியைத் திருப்பிக்கொண்டு எங்களோடு இரண்டு தெரு வந்தாள். நான் வியர்வை துடைக்க நாயனத்தை இறக்கிய நேரம் பார்த்து, வண்டியை எனக்கும் தவிலுக்கும் நடுவில் செருகினாள்.

"அண்ணாச்சி, கடைசியா ஒரு இழுப்பு இழுத்தீங்கள்லா, அத கீபோர்டுல எப்படி எடுக்கது?"

முப்பது வருடத்தில் என்னிடம் தெருவில் கேட்கப்பட்ட கேள்விகள் எல்லாம், மண்டபம் எங்கே, பந்தி ஆரம்பித்தாயிற்றா என்கிற ரகம். எனக்குக் கோபம்தான் வந்தது. கீபோர்டில் அது வராது, வழியை விடு என்றேன். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! "வராதுன்னு நீங்களே சொல்லுதீங்கள்லா? அப்பம் தப்பு என் மேல இல்ல. ஒரு மாசமா ரெண்டு கட்டைக்கு நடுவுல இருக்க சந்துல நொழையப் பாக்கேன், நொழைய முடியல" என்று சொல்லிவிட்டு, கல்யாண வீட்டுக்காரர்கள் முறைக்க முறைக்க ஹாரன் அடித்துக்கொண்டே போய்விட்டாள்.

இது நடந்து பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். அவளுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. எனக்குப் பதினைந்து வயது இளையவள். நாசரேத் பக்கத்துக்காரி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டு வாசிப்பாள். மற்ற நாட்களில், கப்பலில் வந்த சரக்கை இறக்கி வெளியே அனுப்பும் ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை. வீட்டுக்காரர் கப்பலில் வேலையில் இருந்தார். அந்த ஊர்வலத்துக்குப் பிறகு நான் வாசிக்கிற இடமெல்லாம் வந்து நின்று அவள் எனக்குப் பழக்கமாகிவிட்டாள். சும்மா இருக்கத் தெரியாத பிறவி. எந்தப் பாட்டு காதில் விழுந்தாலும் அதை வேறொரு வாத்தியத்துக்கு மாற்றிப் பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. வயலின் பாட்டைக் கேட்டால் புல்லாங்குழலுக்கு எழுதுவாள். புல்லாங்குழலைக் கேட்டால் தபேலாவில் தட்டிப் பார்ப்பாள். ஏன் இப்படி என்று கேட்டால் ஆபீஸ் பாஷையில் பதில் வரும்.

"சரக்கு ஒண்ணுதான் அண்ணாச்சி. கப்பல்தான் மாறுது. ஏத்தி எறக்கையில எது ஒடையும்னு மொதல்ல பாக்கணும்."

உடையும் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். ஒருமுறை ஒரு துக்க வீட்டுக்காக, பெண்கள் மெல்லிய குரலில் பாடுகிற இரங்கல் பாட்டை டிரம்பெட்டுக்கு மாற்றி பேண்டு செட்காரர்களிடம் கொடுத்திருக்கிறாள். சுரம் ஒன்றுகூடப் பிசகவில்லை. ஆனால் டிரம்பெட்டில் அது யுத்தத்துக்குப் புறப்படுகிற பாட்டாகிவிட்டது. அழ வந்த கூட்டம் கல்லறைவரை கை வீசி நடந்தது. சவப்பெட்டி தூக்கியவர்கள் பாதி ஓட்டமாகவே போனார்கள். அந்த வீட்டு அம்மாவிடம் அவள் நாலு ஞாயிற்றுக்கிழமை மன்னிப்புக் கேட்டாள். அந்த அம்மா கடைசியில், "போனவரு பட்டாளத்துக்காரருதான், விடு" என்று சொன்னதாக அவளே என்னிடம் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டு சொன்னாள்.

இன்னொரு முறை ஒரு கன்டெய்னர் லாரி டிரைவரின் காற்று ஹாரனுக்குக் கிறிஸ்துமஸ் பாட்டு மாற்றிக் கொடுத்தாள். அந்த ஹாரனில் இருந்தது மொத்தம் நாலே சுரம். பாட்டுக்கு ஏழு வேண்டும். "மூணக் கழிச்சிட்டேன். மிச்சத்த கேக்கவன் மனசு நெரப்பிக்கிடும்" என்றாள். துறைமுக வாசலில் அந்த லாரி பாடியபோது அங்கிருந்த போலீஸ்காரர் முழுவதையும் கேட்டு முடித்துவிட்டுத்தான் டிரைவரைத் திட்டினாராம்.

இதெல்லாம் எனக்கு வேடிக்கையாக இருந்தது, அவள் என் வீட்டுப் படியேறும் வரைக்கும்.

ஒரு நாள் காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது பக்கமாக ஒழுகிச் சட்டையை நனைத்தது. கண்ணாடியில் பார்த்தால் பாதி முகம் வேறு யாருடையதோ போலத் தொங்குகிறது. முக நரம்பு வாதம் என்றார் டாக்டர். மருந்து, மின்சார ஒத்தடம், பயிற்சி. ஆறு மாதத்தில் கண்ணை மூட முடிந்தது, சிரிப்பும் வந்தது. ஆனால் உதட்டுப் பிடி மட்டும் வரவில்லை. நாயனத்தின் சீவாளியை வாயில் வைத்தால் காற்று ஓரமாகப் புஸ்ஸென்று போகும். பன்னிரண்டு வயதிலிருந்து ஊதியவன் நான். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் நாயனத்தைத் துணியில் சுற்றி பீரோவுக்கு மேலே வைத்தேன்.

வைத்துவிட்டுச் சும்மா இருக்க முடியாத நேரம் அது. என் மகள் கோமதிக்குக் கல்யாணம் நிச்சயமாகி இருந்தது. எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், மாப்பிள்ளையைத் தெருமுனையிலிருந்து மண்டபத்து வாசல் வரைக்கும் பெண்ணைப் பெற்றவன் வாசித்துத்தான் கூட்டிவர வேண்டும். ஒரே ஒரு ராகம், பத்து நிமிஷம். என் மாமனார் எனக்கு வாசித்தார். கோமதி நாலு வயதிலேயே, "எனக்குக் கல்யாணி வாசிக்கணும்ப்பா" என்று ராகத்தையே சொல்லி வைத்தவள். கோயம்புத்தூரில் வேலையில் இருந்தவள் போனில், "நீங்க வாசிக்காட்டியும் பரவால்லப்பா. சித்தப்பா வாசிக்கட்டும்" என்றாள். சொல்லி முடிக்குமுன் குரல் உடைந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை.

அந்த வாரத்தில்தான் அந்தப் பெண், தன் முதலாளி வீட்டு விசேஷத்துக்கு என்னை ஏற்பாடு செய்ய வந்தாள். நான் வீட்டில் இல்லை என்று என் மனைவியைச் சொல்லச் சொன்னேன். அவள் சொல்லி முடிப்பதற்குள் இவள் உள்ளே வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டாள். ஐயோ பாவம் என்றால் வெளியே போ என்று கத்துவதற்குத் தயாராக இருந்தேன்.

"எது அண்ணாச்சி ஒடஞ்சிருக்கு? ஒதடா, வெரலா, காதா?"

இப்படியா ஒரு மனுஷி கேட்பாள்! "ஒதடுதான். வேறென்ன வேணும் ஒனக்கு?" என் மனைவி இடையில் புகுந்து, மகள் கல்யாணத்தையும் அவள் கேட்ட கல்யாணி ராகத்தையும் சொன்னாள்.

"அப்பம் வெரலு பத்திரம். காது பத்திரம். மண்டைக்குள்ள இருக்க அம்புட்டு கல்யாணியும் பத்திரம்." அவள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். "பொட்டிதான போச்சு? சரக்கு இருக்குல்லா. வேற பொட்டில ஏத்துவோம். கல்யாணம் என்னைக்கி?"

மூன்று மாதம் இருக்கிறது என்றாள் என் மனைவி. எனக்கு முன்னால் அவள் பதில் சொன்னதை நான் இன்றுவரை குத்திக் காட்டுவதுண்டு.

இரண்டு நாளில் ஒரு கித்தார் வந்தது. மடியில் படுக்க வைத்து, கம்பி மேல் ஓர் இரும்பு உருளையை ஓட்டி வாசிக்கிற கித்தார். உருளை ஏதோ லாரிப் பட்டறையில் பேரிங்கிலிருந்து எடுத்தது. "இதுல கட்டையும் இல்ல, சந்தும் இல்ல. வழுக்கிக்கிட்டே போவலாம்" என்றாள். கித்தார் கற்றுக்கொள்கிற வயசா எனக்கு என்றேன். "கித்தார் யாரு கத்துக்கிடச் சொன்னா? அந்தப் பத்து நிமிசத்த மட்டும் கத்துக்கிடுங்க."

அவள் ஆபீஸுக்குப் பின்னால், உப்பு மூட்டை அடுக்குகிற பழைய கிட்டங்கி ஒன்று காலியாகக் கிடந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே உட்காருவோம். முதல் பத்து நாள் நான் எழுப்பிய சத்தம் சளி பிடித்த பூனையுடையது. பிறகு மெல்ல மெல்லக் காந்தாரம் அசைந்தது. நிஷாதம் நின்றது. கம்பியைத் தட்டினால் சத்தம் சட்டென்று செத்துப்போகிறதே என்றேன். அடுத்த நாள் காலால் மிதிக்கிற குட்டிப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து நடுவில் மாட்டினாள். சத்தம் நீண்டது, கொஞ்சம் கரகரப்பாகவும் ஆனது. ஆனாலும் நாயனம் இல்லை அது. டப்பாவுக்குள் அடைபட்ட மாதிரி இருந்தது.

அவள் சோற்றுப் பாத்திரத்தை வைத்துவிட்டு எழுந்து நடந்தாள். திடீரென்று என் பக்கம் திரும்பி, "நாயனத்துக்கு அடில விரிஞ்சு இருக்குல்லா, அதுக்குப் பேரு என்ன?" என்றாள்.

"அணசு."

"கித்தாருக்கு அணசு எங்க?"

அவள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினாள். அரை மணி நேரத்தில், கோயில் கொடைத் திருவிழாவுக்கு வேப்பமரத்தில் கட்டுவார்களே, அந்தக் குழாய் ஸ்பீக்கர் ஒன்றோடு திரும்பி வந்தாள். வயரை மாற்றினாள். நான் உருளையை மேல் சட்ஜமத்தில் வைத்து ஒரே ஒரு தட்டுத் தட்டினேன். கிட்டங்கி முழுக்க நாயனம்! மூக்கால் பாடுகிற அந்த வெண்கலக் குரல், அதே திமிர். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். ஆபீஸிலிருந்து மானேஜர் ஓடி வந்து, எங்கே தீப்பிடித்தது என்று கேட்டார்.

அந்தச் சந்தோஷத்தில் நான் கண் மண் தெரியாமல் வாசித்தேன். உதட்டு வலி இல்லை, வாய் உலராது. வாசிக்கலாம், வாசித்துக்கொண்டே இருக்கலாம். இருபத்தைந்து வருடமாக எனக்குத் தவில் வாசிக்கிறவன் என் அத்தை மகன் சொரிமுத்து. கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது அவனை வரவழைத்தேன். அவன் அசந்துபோவான் என்று நினைத்தேன். தவிலை மடியில் வைத்துக்கொண்டு கையை ஓங்கினான், இறக்கினான், மறுபடி ஓங்கினான். முகம் சுருங்கியது. ஐந்து நிமிஷத்தில் தவிலை உறையில் போட ஆரம்பித்துவிட்டான்.

"என்னலே?"

"நீங்க நல்லாத்தான் வாசிக்கீங்க அத்தான். ஆனா எனக்கு இங்கன வேல இல்ல. எங்க உள்ள வரதுன்னே தெரியல. கதவே இல்லாத வீடாட்டம் இருக்கு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் உருளையைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். பதினைந்து நாளில் வேறு தவில்காரனை எங்கே தேடுவது? தேடினாலும் அவனும் இதையேதான் சொல்வான். இந்த விளையாட்டே வேண்டாம், தம்பியே வாசிக்கட்டும், என் மகளுக்கு வாசிக்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்தப் பெண் என்னைத் தடுக்கவில்லை. கீழே கிடந்த உருளையை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடியுமுன் வந்து கதவைத் தட்டினாள். கையில் போன். அதில் ஏதோ ஒரு கல்யாணத்தில் நானும் சொரிமுத்துவும் வாசிக்கிற பழைய வீடியோ. சத்தத்தைச் சுத்தமாக நிறுத்தி வைத்திருந்தாள்.

"சத்தம் இல்லாமப் பாருங்க அண்ணாச்சி. சும்மா ஒங்க தோளப் பாருங்க."

பார்த்தேன். ஊமைப்படத்தில் நான் ஊதுகிறேன். என் தோள் ஒரு தடவை ஏறி இறங்குகிறது. அதே இடத்தில் சொரிமுத்துவின் கை தவிலில் விழுகிறது. மறுபடி தோள் ஏறுகிறது, மறுபடி கை விழுகிறது. ஒரு இடம் தப்பவில்லை.

"மூச்சு!" என்று கத்தினாள். பக்கத்து வீட்டில் விளக்குப் போட்டார்கள். "நீங்க மூச்சு எடுக்க எடத்துலதான் தவில் அண்ணாச்சி உள்ள வாராரு. கித்தாருக்கு மூச்சு வேண்டாம்னு ரெண்டு பேரும் சந்தோசப்பட்டோம் பாத்தீங்களா, அங்கதான் கெட்டது. ஒதடு, வெரலு, காதுன்னு எல்லாத்தையும் எண்ணி ஏத்துனேன். மூச்ச கரையிலயே வுட்டுட்டேன் அண்ணாச்சி. என் தப்பு, முழுக்க என் தப்பு!" தன் தப்பை இவ்வளவு குதூகலமாகக் கொண்டாடுகிற மனுஷியை நான் பார்த்ததில்லை.

ஆயுசு முழுக்க மூச்சைப் பிடித்துப் பிழைத்தவன், அதை விட்டுவிட்டு வாசித்தது எனக்கே தெரியவில்லையே!

அதற்குப் பிறகு அவள் கண்டிப்பு பொறுக்க முடியாததாகிவிட்டது. வாசிக்கும்போது ஊத வேண்டும். காற்று ஓரமாகப் போனால் போகட்டும், நாயனத்துக்கு ஊதுகிற அதே பலத்தோடு ஊத வேண்டும். மூச்சு தீர்ந்த இடத்தில் உருளையைக் கம்பியிலிருந்து தூக்கிவிட வேண்டும். "கை சொல்லுததக் கேக்காதீங்க. நெஞ்சு சொல்லுததக் கேளுங்க." அரை மணியில் தலை சுற்றும். நிறுத்தினால், "நாயனத்துல நாலு மணி நேரம் ஊதுனவருதான நீங்க?" என்பாள். நாலாம் நாள் சொரிமுத்து வந்தான். நான் முதல் மூச்சு முடித்துக் கையைத் தூக்கினேன். அவன் கை தானாக விழுந்தது. விழுந்த பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. "அத்தான்!" என்றான். அவ்வளவுதான் சொன்னான், பிறகு வாசிக்கத் தொடங்கிவிட்டான்.

கோமதிக்கு மட்டும் ஒன்றும் தெரியக்கூடாது என்று எல்லோருக்கும் உத்தரவு போட்டிருந்தேன். சொல்லிவிட்டு வாசிக்க முடியாமல் போனால் பிள்ளை இரண்டாவது தடவையும் அழுவாள் என்ற பயம்தான்.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் தெருமுனைக்கு, குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்று வந்து நின்றது. டிரைவர் தலைக்கு மேலே இரண்டு குழாய் ஸ்பீக்கர், பின்னால் பேட்டரி, நடுவில் ஜமுக்காளம் விரித்து நான், மடியில் கித்தார். பக்கத்தில் ஆம்ப்ளிஃபயரின் குமிழில் கை வைத்தபடி அவள், பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் வண்டியைச் சுற்றிவந்து, "என்னவே, பொண்ணோட அப்பா ஆர்க்கெஸ்ட்ராவா வைக்காரு?" என்று என் காதுபடச் சொன்னார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். இறங்கி ஓடிவிடலாமா என்று நிஜமாகவே நினைத்தேன்.

"அவியளப் பாக்காதீங்க" என்றாள் அவள். "சொரிமுத்து அண்ணாச்சியப் பாருங்க."

நாயனம் வாசித்துக்கொண்டிருந்த என் தம்பி நிறுத்தினான். சுருதி பிடிக்கிற ஒத்து மட்டும் கேட்டது. நான் நெஞ்சு நிறைய இழுத்து, கோணல் வாயால் ஊதி, உருளையை வைத்தேன். கல்யாணி எழுந்தது. கடைத்தெரு வரைக்கும் கேட்டிருக்கும். முதல் மூச்சு தீர்ந்தது, கையைத் தூக்கினேன். ஒரு கணம் தெருவில் ஒன்றும் இல்லை. பிறகு சொரிமுத்து விழுந்தான் பாருங்கள், அப்படி ஒரு அடியை அவன் எந்த ராஜ சபையிலும் வாசித்திருக்க மாட்டான்.

பிறகு எனக்குப் பயமில்லை. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கியது, உருளை மத்திமத்திலிருந்து நழுவிப் பஞ்சமத்தில் போய் விழுந்தது. அதையும் ராகமாக்கினேன், சொரிமுத்து அதற்கும் ஒரு முத்தாய்ப்பு வைத்தான். அவள் குமிழைத் திருகிக்கொண்டே, "மூச்சு! மூச்சு!" என்று பல்லைக் கடித்தபடி சொல்லிக்கொண்டிருந்தாள். ஆர்க்கெஸ்ட்ரா என்ற பெரியவர் மாப்பிள்ளையின் தோளில் தாளம் போட்டபடி வந்தார். மாப்பிள்ளைக்கு ஊதுபத்திப் புகையா என்னவோ, கண் கலங்கியிருந்தது. மண்டபத்து வாசலில் அவர் கால் வைக்கும்போது கடைசி மூச்சை எடுத்து மேல் சட்ஜமத்தில் நிறுத்தினேன். உருளையைத் தூக்கியபோது என் சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருந்தது.

ஆரத்தி எடுத்து மாப்பிள்ளையை உள்ளே கூட்டிப் போனார்கள். நான் கித்தாரை ஜமுக்காளத்தில் வைத்துவிட்டு, தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கினேன். கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன. அப்போது மண்டபத்தின் பக்கவாசல் வழியாகக் கோமதி ஓடிவந்தாள். பாதிச் சடைக்குத்தான் பூ வைத்திருந்தார்கள். மீதிப் பூ தோளில் தொங்கியது. பின்னாலேயே ஊசியும் நூலுமாக இரண்டு பெண்கள் துரத்திக்கொண்டு வந்தார்கள். என் தம்பியையும் அவள் பார்க்கவில்லை, வண்டியையும் பார்க்கவில்லை. நேரே வந்து மருதாணிக் கையால் என் இடது கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"எப்பம்ப்பா ஒங்க வாய் சரியாச்சு?"

வண்டியின் மேலே நின்று வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணைக் கைகாட்டினேன்.